காரணம்: கவனக்குறைவு

விபத்து அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் இருக்கும். எங்கள் ஆலையின் படிவத்தை வடிவமைத்த புண்ணியவான் அதற்கு நாலு விரல் அகலம் ஒதுக்கியிருந்தார். நான் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழுதியதே இல்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு.' விரல் நசுங்கினாலும் அதுதான், கண்ணில் பிசிறு பாய்ந்தாலும் அதுதான், எண்ணெய் சிந்திய தரையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும் அதுதான். எண்ணெயைச் சிந்தவிட்டது யார் என்றெல்லாம் எழுதக் கட்டத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மூன்று விரல் அகலம் காலியாகத்தான் கிடக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பும் மோட்டாரும் செய்யும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். ஷாப் ஃப்ளோரில் எனக்குப் பெயர் 'சேஃப்டி சார்'. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நேர்ந்த பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய பிழை செய்யும் அளவுக்கு எனக்கு அதிகாரம் இருந்ததில்லை. எல்லாம் சில்லறை.

பதவி வந்த கதையே சில்லறைதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 40-பி பிரிவுப்படி, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டியிருந்தது. எங்கள் ஆள் கணக்கு வெகுகாலம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தனி நோட்டில் எழுதினால் எந்தக் கணக்கும் நிற்கும். ஒருமுறை சோதனைக்கு வந்த பேக்டரி இன்ஸ்பெக்டர் இரண்டு நோட்டையும் சேர்த்துக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் நிர்வாகம் ஆள் தேட ஆரம்பித்தது. பர்சனல் டிபார்ட்மெண்டில் லீவ் கார்டு எழுதிக்கொண்டிருந்த நான் இயற்பியல் பட்டதாரி. "நீங்க சும்மாதான இருக்கீங்க" என்றார் மேலாளர். அதைவிடப் பொருத்தமான தகுதி அன்று என்னிடம் இருந்ததாகத் தோன்றவில்லை. பாதுகாப்புப் பட்டயம் படிக்கச் சென்னை ரீஜினல் லேபர் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

விதியில் இன்னொரு தகுதியும் சொல்லியிருந்தது. வட்டாரத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி பாதுகாப்பு அலுவலருக்குப் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தமிழ் தாய்மொழி. அந்தத் தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னையிலிருந்து திரும்பி வந்து நான் தயாரித்த ஸ்லைடுகள் அத்தனையும் ஆங்கிலம். பாடக் குறிப்பை அப்படியே டைப் அடித்திருந்தேன். ஃபவுண்டரி ஆட்களை ஷிப்ட் முடிந்த கையோடு உட்காரவைத்து, ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் என்ன வேறுபாடு என்று அரை மணி நேரம் விளக்கினேன். முடித்துவிட்டு, "சந்தேகம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், மோல்டிங் பக்கத்துல புகை இழுக்கற ஃபேனு ஓடறதில்லீங்க. அதையும் உங்ககிட்டத்தான் சொல்லோணுங்களா?"

அது மெயின்டனன்ஸ் வேலை என்று பதில் சொன்னேன். பயிற்சி அறிக்கையில் 'சந்தேகங்கள்: இல்லை' என்று எழுதினேன்.

பயிற்சி நடந்ததற்கு உலகில் ஒரே சாட்சி வருகைத்தாள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள் என்பதால் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவது என் வழக்கம். கையெழுத்து சீக்கிரம் சேர்ந்துவிட்டால் வகுப்பும் சீக்கிரம் முடிந்துவிடும். உற்பத்தி நெருக்கடி மாதங்களில் கையெழுத்தோடு நின்றுபோனதும் உண்டு. அப்படி ஒரு மாதத்தில், படம் இல்லையே என்று பழைய போட்டோ ஒன்றை ஃபைலில் சொருகினேன். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர் பையன் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "சார், மார்ச்லயும் உங்க பாக்கெட்ல இங்க் லீக் ஆயிருக்கு, ஜூலைலயும் அதே எடத்துல லீக் ஆயிருக்கே" என்றான். மட்டமான பேனா என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று இன்றுவரை தெரியாது.

சட்டம் கேட்டது இந்தக் கையெழுத்தை அல்ல என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டயப் படிப்பில் மனப்பாடம் செய்ததுதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஊரே செத்து விழுந்தபோது, அந்தப் புகைக்கு எதிராக என்ன செய்வது என்று சுற்றியிருந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 7-ஏ என்று ஒரு பிரிவு புதிதாக வந்தது. ஆலையை நடத்துபவரின் கடமைகள் அதில் வரிசையாக இருந்தன. முதலில், இயந்திரமும் வேலைமுறையும் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, பொருள்களைக் கையாள்வதிலும் அடுக்கிவைப்பதிலும் கொண்டுபோவதிலும் ஆபத்து இருக்கக் கூடாது. மூன்றாவதாகத்தான் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் வந்தன. நான் மூன்றாவதில் ஆரம்பித்தேன். அதிலும் மேற்பார்வையை விட்டுவிட்டேன், தகவலைச் சுருக்கினேன், அறிவுறுத்தலை மட்டும் தாராளமாக வழங்கினேன். 'கவனமா இருங்க' என்ற இரண்டு சொல்லை என்னைப்போல் அத்தனை சுருதியில் சொன்னவர் கோவை மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

தீயணைப்புப் பயிற்சியைச் சொல்கிறேன். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது, என்ன வரிசையில் எதைச் செய்வது என்று தொழிலாளர்களைப் பழக்கிவைக்க வேண்டும் என்றது 38ஆம் பிரிவு. தேசியப் பாதுகாப்புக் கழகம் 1966 மார்ச் 4இல் தொடங்கப்பட்டது. அதனால் அந்தத் தேதியை ஒட்டிப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். எங்கள் ஆலையில் கோலப்போட்டி, கோஷம் எழுதும் போட்டி, கடைசி நாள் என் தீயணைப்புச் செய்முறை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் காட்டி, "இந்தக் கறுப்புக் கூம்பை மட்டும் வெறுங்கையில பிடிக்காதீங்க. வெளிய வர்ற வாயு பனிக்கட்டியாகிற அளவுக்குச் சில்லுனு வரும், கையைச் சுட்டுப்புடும்" என்று அழகாகச் சொல்லிவிட்டு, கேமராக்காரர் "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றதும் திரும்பி, கூம்பை வெறுங்கையால் பிடித்தபடி அழுத்தினேன். நான் கத்திய கத்தலுக்குக் கூட்டம் கைதட்டியது. செய்முறையில் அதுவும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலுதவிப் பெட்டிக்கு ஓடினோம். 150 பேருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றது 45ஆம் பிரிவு. பெட்டி இருந்தது. பொறுப்பாளர் பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது. பூட்டை உடைத்துப் பார்த்தால் காலாவதியான கண் சொட்டு மருந்து, கொஞ்சம் பஞ்சு, பொறுப்பாளரின் ரேஷன் கார்டு நகல். மாதாமாதம் அந்தப் பெட்டியைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்தான். கேன்டீன் அக்கா என் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னார். எந்தச் சான்றிதழும் இல்லாமல் சரியான வைத்தியம் சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான்.

என் பெயருக்கு விபத்து அறிக்கை எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். 'கூம்பின் கைப்பிடி உடைந்திருந்தது, மாற்றச் சொல்லி எழுதியும் மாற்றவில்லை, புகைப்படக்காரர் குறுக்கிட்டார்.' மூன்றும் உண்மை. நாலு விரல் அகலமும் நிரம்பியிருக்கும்.

அடுத்தது ஒத்திகை. சைரன் அடித்ததும் எல்லோரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அசெம்ப்ளி பாயிண்டுக்கு வர வேண்டும். வந்தார்கள், டீ கப்போடு. ஒருவர் கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு வந்தார், வெளியே போனால் பஞ்ச் பண்ண வேண்டும் என்று நாங்கள்தான் பழக்கியிருந்தோம். தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்று குறைந்தது. ஃபவுண்டரிக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாக ஒத்திகைக்குள் நிஜப் பதற்றம் கிளம்பிவிட்டது. இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன்தான் என் தோளைத் தொட்டு, "நீங்க உங்களை எண்ணினீங்களா சார்?" என்றார். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றங்கரையில் செய்ததை நான் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு செய்திருக்கிறேன். அதைவிட மோசம், நாங்கள் எல்லோரும் கூடி நின்ற அசெம்ப்ளி பாயிண்டுக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டருக்கான டீசல் இருந்தது. வேறெங்கும் வண்டி நிறுத்தாத காலியிடம் கிடைக்கவில்லை என்று நானேதான் அந்தப் பலகையை அங்கே நட்டேன்.

தொங்கும் துணி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், உடலோடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை ஆலையே தர வேண்டும் என்றது 22ஆம் பிரிவு. வைண்டிங் செக்ஷன் பெண்களிடம் துப்பட்டாவைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை. ஒருநாள் டிரில்லிங் மெஷின் மேல் குனிந்து எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் சட்டென்று என் நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினார். ஒழுக்கக் கேடு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கழுத்தில் என் அடையாள அட்டை, சுற்றும் டிரில் பிட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. 'சேஃப்டி ஆபீசர்' என்று அதில் பெரிதாக அச்சடித்திருக்கும்.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடியவை. பிரஸ் ஷாப் அப்படியல்ல.

மோட்டாருக்குள் இருக்கும் ஸ்டாம்பிங் தகடுகளைப் பவர் பிரஸ்ஸில் வெட்டுவார்கள். தகட்டை டைக்கு மேல் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து பஞ்ச் இறங்கும். பெடலாக இருந்தால் கால் மிதிக்கும்போது கை உள்ளே இருந்துவிடலாம் என்பதால் பெடலை எடுத்துவிட்டு இரண்டு பட்டன் வைத்தோம். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும், இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் எதுவும் இருக்காது. நான் பெருமைப்பட்ட ஒரே காரியம் அதுதான். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு பட்டனில் மடித்த தகட்டுத் துண்டைச் சொருகி நிரந்தரமாக அழுத்திவைத்திருந்தார்கள். ஒரு கையால் பட்டன், ஒரு கையால் தகடு. எல்லா பிரஸ்ஸிலும் இதே.

பிரஸ் ஷாப்பையே கூட்டிவைத்து வகுப்பெடுத்தேன். தொழிலாளி பாதுகாப்புச் சாதனத்தில் வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது என்று 111ஆம் பிரிவு சொன்னது. அதை ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். இந்தமுறை தமிழில். முடித்ததும், ஆலை ஆரம்பித்த காலத்திலிருந்தே பிரஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்தபடியே கேட்டார்:

"சார், கவனமா இருங்கோன்னு சொல்றீங்க. சரிங்க. ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை கவனமா இருக்கோணும்னு கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

போட்டதில்லை. அங்கேயே போட்டேன். நிமிடத்துக்குப் பத்து ஸ்ட்ரோக் என்றே வைத்தாலும் மணிக்கு 600. டீ, சாப்பாடு போக ஏழு மணி நேரம். 4,200. ஒரே ஆள், ஒரே நாளில், நாலாயிரத்து இருநூறு தடவை கவனமாக இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் நான் படிவத்தோடு வருவேன்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். பீஸ் டார்கெட், பெடல் இருந்த காலத்தில் கடிகாரம் வைத்து அளந்து போட்டது. இரண்டு பட்டன் வந்த பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது, டார்கெட் மட்டும் அப்படியே நிற்கிறது. தகட்டுத் துண்டைச் சொருகாவிட்டால் இன்சென்டிவ் கிடையாது. அதாவது, பட்டனை மாட்டிய நானே அதில் துண்டு சொருகுவதற்கான காரணத்தையும் சேர்த்து மாட்டியிருந்தேன். 111ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, அதற்கு அடுத்தே 1987இல் சேர்த்த 111-ஏ ஒன்று இருப்பது ஸ்லைடு போடும்போது ஞாபகம் வரவில்லை. தன் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறவும், பயிற்சி பெறவும், இன்ஸ்பெக்டரிடம் நேராகவே முறையிடவும் தொழிலாளிக்கு அது உரிமை தந்தது. தொழிலாளியின் கடமையைச் சிவப்பில் போட்ட ஸ்லைடில் அவருடைய உரிமைக்குக் கறுப்பில்கூட இடமில்லாமல் போயிற்று.

டார்கெட்டைத் திருத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அது சுற்றிவிட்டு ஓரத்தில் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: 'தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கவும்.' அளித்தேன்.

பிறகு எனக்கொரு யோசனை உதித்தது. ஒரு கண்காட்சியில் லைட் கர்ட்டன் பார்த்திருந்தேன். டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை, கை குறுக்கே போனால் இயந்திரம் நின்றுவிடும். பளபளப்பான துண்டுப் பிரசுரத்தோடு மேலாளரிடம் போய் அரை மணி நேரம் பேசி, அவரைக் கிட்டத்தட்டச் சம்மதிக்கவே வைத்துவிட்டேன். மெயின்டனன்ஸ் ஃபோர்மேனைக் கூப்பிட்டார். அவர் பிரசுரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நம்ம மெஷினுக்கு ஆவாதுங்க. நம்மளுது கீ கிளட்ச். ஒருக்கா பிடிச்சுதுன்னா ஒரு முழுச் சுத்துச் சுத்தி மேல வந்துதான் நிக்கும். நடுவுல கை போச்சுன்னு இந்த லைட்டு சொல்லும், மெஷினு கேக்காது."

கிளட்ச்சைப் பற்றிப் பட்டயத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதிக்கூட இருப்பேன். எங்கள் ஆலை பிரஸ்ஸில் இருப்பது எந்தக் கிளட்ச் என்று திறந்து பார்த்ததில்லை. நான் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தபோது ஃபோர்மேன் பேச்சோடு பேச்சாக, "முன்னாடி ஒரு வேலி அடிச்சுட்டாப் போதுமுங்க. தகடு போற சந்து மட்டும் விட்டு. தகடு போகும், விரல் போகாது" என்றார். ஆபத்தான பாகத்துக்கு வேலி வேண்டும் என்று 21ஆம் பிரிவு எப்போதோ சொல்லிவிட்டது. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, வேறொன்றால் மாற்ற முடியுமா, வேலி போட முடியுமா, இத்தனையும் முடியாவிட்டால் பயிற்சி, அதற்கும் கீழே கையுறையும் ஹெல்மெட்டும் என்று படிப்பின் முதல் வாரமே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார்கள். கையுறைக்கு மேலாளர் ஒரே நாளில் கையெழுத்துப் போடுவார். அதனால் நான் எப்போதும் கீழேயிருந்தே ஆரம்பித்தேன்.

வேலி அடிக்க முடிவானது. ஒவ்வொரு டைக்கும் ஒரு அளவு என்பதால் ஒவ்வொன்றாகத்தான் மாட்டிக்கொண்டு வந்தோம். இன்னும் மாட்டாத பிரஸ் ஒன்றில், வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன ஒப்பந்தத் தொழிலாளிப் பையனுக்கு ஆள்காட்டி விரல் நுனி நசுங்கி நகம் போனது. அவனுடைய பயிற்சித் தாள் பக்காவாக இருந்தது: தேதி, கையெழுத்து, என் முத்திரை. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவன் 'வேலைக்கு வந்தான்'. கையில் கட்டோடு டைம் ஆபீசில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டோக்கன் கொடுக்கச் சொன்னோம். லைட் டியூட்டி என்று அதற்குப் பெயர். யோசனை என்னுடையது இல்லை, ஆனால் நாற்காலியைப் போட்டது நான்.

உள் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் நின்றான். ஆங்கிலப் படிவம். "சார், நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எழுதியிருக்கீங்க?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ஃபார்மாலிட்டி" என்றேன்.

வேலி இல்லை, டார்கெட் பழசு, ஆள் புதுசு. மூன்றும் எனக்குத் தெரியும். எழுதியது வழக்கமான ஒன்றுதான். ஈஎஸ்ஐயில் அவனுக்கு வரவேண்டியது வந்தது, என் எழுத்து அதைக் குறைக்கவில்லை. ஒப்பந்தக்காரரிடம் அவன் பெயரைத்தான் குறைத்தது. அடுத்த தீபாவளிக்குப் பிறகு அவன் வரவில்லை.

அதற்குள் ஆட்களும் மாறிவிட்டார்கள். பிரஸ் ஷாப்பில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற அந்தத் தகுதி இப்போது நிஜமாகவே என்னைக் கேள்வி கேட்டது. எனக்குத் தெரிந்த இந்தி, பாட்டு கேட்கும் அளவுக்குத்தான். இந்தி வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு, இடையிடையே தமிழில் விளக்கம் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தேர்வில் எல்லோரும் முழு மதிப்பெண். விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட சூப்பர்வைசருக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். கருத்துப் படிவத்தில் ஒரு பையன் மட்டும் இந்தியில் இரண்டு வரி எழுதியிருந்தான். சுருக்க அறிக்கையில் 'கருத்து: நன்று' என்று போட்டு ஃபைலில் கோத்தேன்.

ரொம்ப நாள் கழித்து, பழைய ஃபைல்களைக் கழித்துக்கட்டும்போது அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த, இந்தி படித்த பெண்ணிடம் விளையாட்டாக அதைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒண்ணும் புரியலைன்னு எழுதியிருக்காரு சார். அப்புறம், மூணாம் நம்பர் மெஷின் பட்டன் அழுத்தாமலே சில சமயம் தானா இறங்குது, யார்கிட்ட சொல்றதுன்னு கேட்டிருக்காரு."

அந்த பிரஸ் அப்போது விற்றுப்போயிருந்தது. அதில் அதன்பின் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அது என் புண்ணியத்தில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு சின்னப் பட்டறைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். இதற்கும் ஆள் தேவைப்படுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். ஆனால் பத்துப் பேர் இருந்தாலே முதலாளியின் பொதுக் கடமைகள் பொருந்தும். எனக்குத் தெரிந்த முதலாளிகள் பலர் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவர்கள் மட்டும் பயிற்சிச் சான்றிதழ் கேட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

சமீபத்தில் கோவை கணபதிப் பகுதியில் ஒரு ஸ்டாம்பிங் பட்டறைக்குப் போனேன். முதலாளியே ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டுவார், அவ்வளவு சின்ன இடம். இந்தமுறை வகுப்பெடுக்கவில்லை. ஒவ்வொருவர் மெஷின் பக்கத்திலும் போய் நின்று, எது பயமாக இருக்கிறது என்று கேட்டேன். இந்திக்காரப் பையன்களிடம் கேட்க, அவர்களிலேயே தமிழ் பழகிய ஒருவனைக் கூட அழைத்துக்கொண்டேன். இரண்டாவது பிரஸ்ஸுக்கு வேலி இல்லை என்பதை எல்லோரும் சொன்னார்கள், முதலாளி உட்பட. "வேலி மாட்டிட்டு போட்டோ அனுப்புங்க, அப்புறம் சர்டிபிகேட் தர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

நாலாவது நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. புது வேலி, மஞ்சள் பெயிண்ட், பளிச்சென்று இருந்தது. உடனே சான்றிதழை அனுப்பிவிட்டேன். ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வேலியில் ஒரு போல்ட்கூட இல்லை. பிரஸ்ஸுக்கு முன்னால் சாய்த்துவைத்து எடுத்த படம். காலையில் போன் பண்ணினேன்.

"மாட்டிடறேங்க சார். போல்ட் சைஸ் கிடைக்கல. சர்டிபிகேட் வந்துருச்சுங்க, ரொம்ப நன்றிங்க" என்றார்.

என்ன சைஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை நேரில் போகிறேன். போல்ட்டும் ஸ்பானரும் வாங்கியாயிற்று. சான்றிதழை எப்படித் திரும்பக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.